ஷட்டரின் ஞானத்தகப்பன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இலக்கியத் தாகத்தால் அல்ல, வாய்க்கொழுப்பால். லா பாஸ் நகரத்துக்கு மேலே, மலையுச்சியில் இருக்கும் எல் ஆல்தோவில் நான் பல வருடங்களாகக் குடியிருக்கும் மாடிக்குக் கீழே நெலிதா வராச்சியின் ஸ்டுடியோ. ஒரு நாள் காலை அவள் ஒரு லென்ஸைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் கடைக்குப் போயிருக்கலாம். "காலம் கண்ணாடிக்குள்ள சிக்கிக்கிச்சா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலமெல்லாம் சிக்கல. ஷட்டர்தான் சிக்குது. வேலவெட்டி இல்லன்னா மேல போய் இத ஒரு கதையா எழுது. போறதுக்கு முன்னாடி ஷட்டர்னா என்னன்னு கேட்டுட்டுப் போ. போன தடவ மாதிரி வாயில வந்தத எழுதாத."

(அவள் பேசியது ஸ்பானிஷும் ஐமராவும் கலந்த பேச்சு. எனக்கு வாய்த்த தமிழில் தருகிறேன். ஏச்சில் பாதியைக் குறைத்திருக்கிறேன்.)

கேட்டுக்கொண்டேன். அவளுடைய காமிரா ஒரு மரப்பெட்டி. துருத்தி வைத்தது, முக்காலியில் நிற்பது; கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு படம்தான். பிலிமே ஒரு புத்தக அட்டை அகலம் இருக்கும். லென்ஸின் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம், அதற்குள் மெல்லிய தகடுகள். ஒரு நொடி என்று திருகி வைத்தால் அந்தத் தகடுகள் திறந்து, உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் ஒரு நொடி ஓடி முடித்ததும் மூடிக்கொள்ள வேண்டும். இப்போது திறக்கிறது, பாதி வழி ஓடுகிறது, நின்றுவிடுகிறது. அப்புறம் அதற்கு மனது வந்தால் மூடுகிறது.

2

முதல் தொடக்கம்:

"காலம் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அது திறக்கும்போது நாம் பிறக்கிறோம், மூடும்போது—"

இதை மொழிபெயர்த்து நெலிதாவிடம் சொன்னேன். "யாரு பொறந்தா?" என்றாள். அத்தோடு விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

"மலையுச்சியின் பனிக்காற்றில், உலகம் மறந்துபோன ஒரு ஸ்டுடியோவில், அழிந்துவரும் ஒரு கலையைத் தன்னந்தனியாகக் காத்து நிற்கும் ஒரு பெண்—"

இதற்கு அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை நாய் எழுந்துபோனது. "மறந்துபோன ஸ்டுடியோவா? யோவ், தேதி கேட்டு வர்றவங்கள நானே வெரட்டிக்கிட்டு இருக்கேன்."

அதுதான் உண்மை. இந்த ஊரில் கொஞ்சம் தலையெடுத்தவர்கள் முதலில் கண்ணாடி பதித்து ஆறு மாடி கட்டுவார்கள். இரண்டாவது மாடியில் விழா மண்டபம் வைப்பார்கள். அந்த மண்டபச் சுவருக்கு ஆள் உயரத்தில் ஒரு படம் வேண்டும். அதில் பாவாடையின் நூல் தெரிய வேண்டும், காதணியின் முத்தை எண்ண முடிய வேண்டும். செல்போன் படமெல்லாம் மச்சினன் எடுப்பது. பெரிய பெட்டியில் எடுத்தால்தான் கௌரவம். ஆக, அழிந்துவரும் கலையைப் பற்றிக் கண்ணீர் விட ஆசைப்பட்டு வந்த வாசகர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் தொடக்கம்: சனிக்கிழமைக்குள் ஷட்டர் சரியாகாவிட்டால், நெலிதா தன் பழைய புருஷனின் ஸ்டுடியோவில் மறுபடியும் குடை விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இது அழகாக இல்லை. ஆனால் இதை அவள் மறுக்கவில்லை. இருக்கட்டும்.

3

பழைய புருஷன் பெயர் ரோமுலோ. இரண்டு தெரு தள்ளி அவனுக்கும் ஸ்டுடியோ உண்டு. கலியாணமான காலமெல்லாம் பெரிய பெட்டியில் படம் எடுத்தது நெலிதா, மூலையில் கையெழுத்துப் போட்டது அவன். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் அவள் விளக்கைப் பிடிப்பாள். ஒரு நாள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் இன்னமும் சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "வாசல் தெறந்தேதான் இருக்கு நெலி, விளக்கும் அங்கயேதான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரின் பெரிய நடனச் சபை வருடா வருடம் எடுக்கும் குழுப்படம்தான் இப்போது அவளைத் தாங்குகிறது. இந்த வருடப் படம் வரும் சனிக்கிழமை. அந்தப் படம் நன்றாக வந்தால் மற்றவர்களும் வருவார்கள். கெட்டால் எல்லோரும் இரண்டு தெரு தள்ளிப் போவார்கள்.

முதல் சந்தேகம் குளிர்மேல். இந்த உயரத்தில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். இங்கே படம் பிடிப்பவர்கள் எல்லோரும் லென்ஸை அக்குளில் வைத்துச் சூடாக்குவார்கள். கைகுலுக்க ஒரு பக்கம் மட்டுமே நீட்டுபவர் புகைப்படக்காரர் என்று கண்டுகொள்ளலாம். நெலிதா லென்ஸைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைப்போல முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தாள். ஒரு கிழவர் போர்வையை விலக்கி, "அப்பன் ஜாடை," என்றாராம். வந்ததும் அழுத்திப் பார்த்தாள். பாதியில் நின்றது.

அடுத்து வேகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வேகமானவை எல்லாம் பழுதில்லை. டக்கென்று திறந்து டக்கென்று மூடின. மெதுவானவை மட்டும்தான் தகராறு. மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அந்த ஒரு நொடிதான் வேண்டும்.

"ஓடுன்னா ஒழுங்கா ஓடுது. நிதானமா நடன்னா நின்னுடுது. ரோமுலோவேதான்," என்றாள்.

பிறகு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, லா பாஸுக்கு இறங்கிப்போய்ப் பழைய ஷட்டர் ஒன்றைப் பிரித்து ஸ்பிரிங் எடுத்துவந்தாள். மாற்றிப் போட்டாள். முன்பைவிட வேகமாக ஓடி, அதே இடத்தில் நின்றது. இதைக் கதையில் போடாதே என்றாள். போட்டுவிட்டேன்.

(விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். ஷட்டரைத் திறந்தபடி விட்டுவிட்டு, தொப்பியால் லென்ஸை மூடித் திறந்தால் ஆகாதா? ஆகும். ஆனால் ஒரு நொடியைக் கையால் அளக்க முடியாது, நாலைந்து நொடி வேண்டும். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் நாற்பது பேர் நாலைந்து நொடி ஆடாமல் நிற்பார்கள் என்று நம்புகிறவர் இந்த ஊர் விருந்து எதற்கும் போனதில்லை. பிளாஷ் போடலாமே என்பவருக்கு: உடை முழுக்க ஜிகினா. படத்தில் ஆட்களுக்குப் பதில் வெள்ளைப் பொட்டுகள்தான் இருக்கும்.)

4

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

தோன் ஃபவுஸ்தினோவை முதலில் வில்லனாக எழுதினேன். மெத்தை வியாபாரி, இந்த வருட விழாவுக்கு உபயதாரர், தொந்தி, தங்கப் பல். பிறகு பார்த்தால் தங்கப் பல் அவருக்கு நிஜமாகவே இருந்தது. நிஜமாக இருப்பதை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதை எடுத்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், போகட்டும்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஞானத்தகப்பன், அதாவது பொறுப்பேற்று நிற்கும் இரண்டாம் அப்பன், உண்டு. பிள்ளைக்கு மட்டுமல்ல, கலியாணக் கேக்குக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர், புது வீட்டுத் தரை ஓட்டுக்கு ஒருவர். நெலிதா ரோமுலோவை விட்டு வந்து ஸ்டுடியோ திறந்த அன்று, காமிராவுக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஆள் தேடினாள். எல்லோரும் ரோமுலோவுக்கு வேண்டியவர்கள். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு மாமியார் சாவு. அந்த மாமியார் அடுத்த வாரம் சந்தையில் உருளைக்கிழங்கு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஃபவுஸ்தினோ மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் பாட்டிலோடு வந்தார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே. உடன்பிறந்தவர்களைவிட ஒரு படி மேலான உறவு அது.

கார்னிவல் செவ்வாய் இங்கே ஆயுத பூஜை மாதிரி. லாரி, தையல் மிஷின், அரிவாள் எல்லாவற்றுக்கும் பொட்டுப் பொட்டாக வெட்டிய வண்ணத்தாள் தூவி, காகித நாடா சுற்றி, மது ஊற்றுவார்கள். பூமித்தாய்க்கு முதல் சொட்டு, பொருளுக்கு அடுத்தது, மிச்சம் மனிதருக்கு. நாமும் மிக்சிக்குக் குங்குமம் வைக்கிறவர்கள்தானே. உள்ளே போனதா என்று என்றைக்காவது கழற்றிப் பார்த்திருக்கிறோமா.

ஃபவுஸ்தினோ எந்த வருடமும் தவறவிட்டதில்லை. பீர் எல்லாம் டிராக்டருக்கு என்பார். தன் ஞானப்பிள்ளைக்கு இனிப்பு ஒயின்தான் ஊற்றுவார். தாராளமாகவே ஊற்றுவார்.

வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. நெலிதாவுக்கு முன்பே தட்டியிருக்க வேண்டும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிடித்தவர்மேல் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்பிரிங் வாங்க லா பாஸ் வரைக்கும் போகத் தோன்றும்.

5

ஷட்டரின் முன்வளையத்தைக் கழற்றினாள். ஸ்பிரிங் மாற்றும்போது தொடாத, அதன் கீழிருந்த தகட்டையும் இந்தத் தடவை தூக்கினாள். மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரங்கள் ஒரு மூலையில் அடுக்காக இருந்தன. பழுப்பாக, பாகு காய்ச்சிய சட்டியின் அடி மாதிரி ஏதோ பூசியிருந்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ரோஜா நிறத்தில் ஒரு வட்டக் காகிதம், மிளகு அளவில்.

அவள் அதை முள்வாங்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வண்ணத்தாள்," என்றேன்.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

"ஃபவுஸ்தினோ—"

"வாய மூடு."

லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் மெல்லிய தூரிகையை நனைத்து, பல் பல்லாகக் கழுவினாள். காய்ந்ததும் மறுபடி கழுவினாள். சக்கரங்களின் அச்சில் மட்டும் ஊசிமுனையால் கடிகார எண்ணெய் தொட்டாள். தகடுகள்மேல் ஒரு பொட்டுகூட விழக்கூடாதாம். விழுந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். பூட்டி, ஒரு நொடிக்குத் திருகி, அழுத்தினாள். ஸ்ர்ர்ர் என்று கடைசி வரை ஓடி மூடியது.

நான் கதை முடிந்துவிட்டது என்று மேலே ஏறினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது.

"எங்க போற? சனிக்கெழம படத்துக்கு முன்னாடி அவரு பாட்டிலோட வருவாரு. பெரிய காரியம்னா ஊத்தாம தொடங்க மாட்டாரு."

"ஊத்தாதீங்கன்னு சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? நாதியத்து நின்னப்ப வந்த ஒரே மனுசன்கிட்டப் போயி, உங்க ஆசீர்வாதம்தான் பல்லுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லவா?"

அவளுக்காக வருத்தப்பட்டேன். கதைக்காகச் சந்தோஷப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, எதையும் மறைக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை அவளுக்கு இரண்டு முடிவுகள் தயார் செய்து கொண்டுபோனேன்.

முதலாவது: நெலிதா ரோஜாநிறக் காகிதத்தைக் கண்ணீரோடு நீட்டுகிறாள். ஃபவுஸ்தினோ அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். இருவரும்—

"அத அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள். "அப்பறம், நான் எங்க அழுதேன்?"

இரண்டாவது: அவள் வாய் திறக்கவில்லை. அவர் ஊற்றுகிறார். ஷட்டர் சிக்குகிறது. படத்தில் நாற்பது பேரும் புகையாய்க் கலைந்திருக்க, குடித்து மயங்கிய ஒருவர் மட்டும் சிலைபோலத் தெளிவாக இருக்கிறார்.

இதற்குக் கொஞ்சம் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. அந்தப் படத்த நீ வாங்கிக்குவியா? அப்ப நீயே போய் ரோமுலோவுக்கு விளக்குப் பிடி."

7

சனிக்கிழமை மண்டபம். நாற்பது பேரை நான்கு வரிசையாக நிறுத்திவிட்டாள். நடுவில் நாற்காலியில் ஃபவுஸ்தினோ, பக்கத்தில் அவர் மனைவி. கடைசி வரிசையில் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோமுலோ. அவனும் அந்தச் சபையில் ஆடுகிறவன்தான். வெளியே படிக்கட்டில் பேண்டுக்காரர்கள், படம் முடிந்ததும் ஊதலாம் என்று காத்திருந்தார்கள். நான் கறுப்புத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தேன். பிலிம் செருகியாகிவிட்டது, பிலிமின் முன்மூடியை உருவியாகிவிட்டது. நெலிதா கையில் அழுத்தும் கம்பி.

"கொஞ்சம் இருங்க கொமாத்ரே, நம்ம புள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலியே," என்று ஃபவுஸ்தினோ எழுந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து பாட்டில் வந்தது. மூடியைத் திருகிக்கொண்டே நடந்து வந்தார்.

நெலிதா லென்ஸை உள்ளங்கையால் மூடினாள்.

"பூமித்தாய் கீழ இருக்கா கொம்பாத்ரே. முக்காலிக் காலுக்கு ஊத்துங்க."

"காருக்கு ரோட்டுலயா ஊத்துறோம்? பானட்டுல ஊத்துறோம்."

"பானட்டுலதான ஊத்துறோம். கார்பரேட்டருக்குள்ள ஊத்துறதில்லையே."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஃபவுஸ்தினோவும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு சொட்டு விட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்து பாட்டிலை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"போன வருசமே ரோமுலோ சொன்னான், என் பாட்டில்தான் உங்க மெஷினக் கெடுக்குதுன்னு. வயித்தெரிச்சல்ல பேசுறான்னு அவன அடிக்கப் போனேன். இவங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க கொமாத்ரே. நீங்க சொன்னா நம்புறேன். என் பாட்டில்தானா?"

சிரிப்பு நின்றது. ஆமாம் என்றால் அவளோடு நின்ற ஒரே மனிதர் சபை நடுவே தலைகுனிவார். ரோமுலோ சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லும். இல்லை என்றால் தன்னை நம்புகிறவரிடம் பொய். அதோடு அடுத்த கார்னிவலுக்கும் ஒயின் வரும்.

(இங்கே 'பதில் அவள் தொண்டையில் சிக்கியது' என்று எழுதியிருந்தேன். நெலிதா அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.)

யாரும் இமைக்கவில்லை. ஜிகினாகூட அசையவில்லை. நெலிதா ஃபவுஸ்தினோவின் கண்ணைப் பார்த்தபடியே, லென்ஸிலிருந்து கையை எடுத்துக் கம்பியை அழுத்தினாள்.

ஸ்ர்ர்ர். அந்த அமைதியில் பல்சக்கரம் ஓடுவது கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். ஒரு நொடி. மூடியது.

அந்தச் சத்தத்தைச் சைகை என்று நினைத்து வெளியே பேண்டுக்காரர்கள் ஊதத் தொடங்கிவிட்டார்கள். பித்தளை இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்போதுதான் நெலிதாவின் வாய் அசைந்தது. ஒரே ஒரு சொல்தான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. ஃபவுஸ்தினோ அவள் உதட்டைப் பார்த்தார், தலையாட்டினார், பாட்டிலில் இருந்ததைப் பூமித்தாய்க்கென்று தரையில் முழுவதும் ஊற்றினார்.

8

படம் இப்போது மண்டபச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. காதணி முத்துகளை எண்ணலாம். யாரும் காமிராவுக்காகச் சிரிக்கவில்லை. நாற்பது முகமும் எதையோ எதிர்பார்த்து நம்மையே பார்க்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கலை விமரிசகர் அதன்முன் வெகுநேரம் நின்று, 'மலைவாழ் மக்களின் தொன்மையான மௌனம்' என்று எழுதினார். அவர்கள் பாட்டில் வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் ரோமுலோவின் வாய் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. சிரிக்க ஆரம்பித்திருக்கிறான்.

அந்தப் படத்துக்குப் பிறகு நெலிதாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ரோமுலோ கடையில் விளக்கை வேறு யாரோ பிடிக்கிறார்கள். அவள் 'ஆமாம்' என்றுதான் சொன்னாள் என்று ரோமுலோ சத்தியம் செய்கிறான். 'இல்லை' என்றுதான் சொன்னாள் என்கிறாள் ஃபவுஸ்தினோவின் மனைவி. ஃபவுஸ்தினோவிடம் கேட்டால் மெத்தை விலை சொல்கிறார்.

நேற்று இந்தக் கதையை ஏழாம் பகுதி வரை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அன்னைக்கு என்னதான் சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்குப் படம் கெடச்சாச்சு," என்றாள். "உனக்கு முடிவு கெடைக்கலன்னா உன் மெஷின்ல கோளாறு. கழட்டிப் பாரு, உள்ள என்னத்த ஊத்தி வச்சிருக்கேன்னு."

கழற்றிவிட்டேன். உதிரிகள் எல்லாம் மேலே கிடக்கின்றன. திரும்பப் பூட்ட எனக்குத் தெரியவில்லை. ஃபவுஸ்தினோ தலையாட்டியது மட்டும் நிச்சயம், அதை நான் பார்த்தேன். எந்தச் சொல்லுக்கு ஒரு மனிதர் அப்படித் தலையாட்டுவார் என்று நீங்களே சொல்லுங்கள். ரோமுலோவுக்குக் கேட்காமல் சொல்லுங்கள்.